பிளாஸ்டிக் குழலுக்கும் குரல் உண்டு

துளைக்கருவி கற்பிக்கும் ஆசிரியர்களில் பெரும்பாலோரிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது: பிளாஸ்டிக் கருவி படிக்கிற பிள்ளைக்கு ஆகும், கச்சேரிக்கு ஆகாது. மரம் மூச்சு விடும், நாதத்தோடு சேர்ந்து அதிரும், வாசிக்க வாசிக்கப் பழுக்கும். பிளாஸ்டிக்கில் ஜீவன் கிடையாது. கிளாரினெட், ஓபோ, ரெக்கார்டர், புல்லாங்குழல் என்று எதை எடுத்தாலும் இதே பேச்சுதான். கடைக்காரர் இதைச் சொல்லியே விலை கூடியதை எடுத்துக் காட்டுகிறார். மேடைக் கலைஞர் பேட்டியில் இதையே சொல்கிறார். கடன் வாங்கியாவது மரக்கருவி வாங்கித் தராவிட்டால் பிள்ளையின் சங்கீதம் கெட்டுவிடும் என்று பெற்றோர் பயப்படத் தொடங்குகிறார்கள். பிளாஸ்டிக் கிளாரினெட்டோடு வந்த மாணவனைப் பார்த்து, "இதில் நாதம் வராதப்பா" என்று ஊதச் சொல்வதற்கு முன்பே ஓர் ஆசிரியர் சொன்னதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அந்தப் பையன் கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே கூச்சப்பட்டான்.

இந்தத் தீர்ப்பு தவறு. பாதி உண்மை, பாதி மிகை என்று சமாதானம் செய்துகொள்ளக்கூடிய தவறும் இல்லை. அதன் அடித்தளமே பிசகு.

வயலினையும் வீணையையும் மனத்தில் வைத்துக்கொண்டு குழலைப் பேசுவதில்தான் பிசகு தொடங்குகிறது. வயலினின் தந்தி தனியாக அதிர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. மெல்லிய பலகை கூடவே அதிர்ந்து அறையின் காற்றைத் தள்ளுவதால்தான் அது ஒலி ஆகிறது. அங்கே மரத்தின் இனம், அடர்த்தி, ரேகை ஓடும் திசை எல்லாம் பேசும். குழலில் அப்படி இல்லை. குழலில் அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. ரீடோ சீவாளியோ உதட்டிலிருந்து பாயும் காற்றோ அந்தக் காற்றுத்தூணை உலுக்குகிறது. ஒலி திறந்த துளைகள் வழியாகவும் கீழ் வாய் வழியாகவும் நேரே வெளியே போகிறது. சுவரின் வேலை காற்றுக்கு எல்லை கட்டுவது மட்டும். கனமான, உருண்டையான சுவர் அந்த அழுத்தத்துக்கு அசைந்துகொடுப்பது மிக மிகக் குறைவு.

"விரலில் அதிர்வு தெரிகிறதே" என்பார்கள். தெரியத்தான் செய்யும். துளையை மூடிய விரலின் நுனி உள்ளே இருக்கும் காற்றையே தொட்டுக்கொண்டிருக்கிறது. ரீடைக் கவ்விய பல்லும் உதடும் அதிர்வை நேராக மண்டைக்குக் கொண்டுபோகின்றன. வாசிப்பவர் உணர்வது பொய்யில்லை. அதை மரத்தின் கணக்கில் எழுதுவதுதான் தவறு.

இது வெறும் ஏட்டு வாதமும் இல்லை. ஜான் பேக்கஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கிளாரினெட்டைச் செயற்கைக் காற்றால் ஊதவைத்து, சுவரின் அதிர்வை அளந்து, 1964இல் முடிவை வெளியிட்டார். அதிர்வு இருந்தது. ஆனால் அந்த அதிர்வு எழுப்பும் ஒலி, துளைகள் வழியே வரும் ஒலியின் முன்னால் கணக்கில் சேராத அளவுக்குச் சொற்பம். 1971இல் ஜான் கோல்ட்மன் இன்னும் நேரடியான சோதனை ஒன்றை வெளியிட்டார். அவர் இயற்பியலாளர், புல்லாங்குழல் வாசிப்பவரும்கூட. சாவிகள் இல்லாத மூன்று குழல்களைச் செய்தார்: ஒன்று மெல்லிய வெள்ளி, ஒன்று கனத்த செம்பு, ஒன்று மரம். உள்ளளவு மூன்றுக்கும் ஒன்றே. ஊதும் தலைப்பகுதி மூன்றிலும் ஒரே மாதிரியான பிளாஸ்டிக். கண்ணுக்குத் தெரியாமல் வாசித்துக் காட்டியபோது, இசைப் பயிற்சி உள்ளவர்கள் உட்பட யாராலும் எது எந்தக் குழல் என்று சொல்ல முடியவில்லை. எடையும் குளிர்ச்சியும் கையில் தெரியாதபடி ஏற்பாடு செய்து வாசிப்பவர்களிடமே கொடுத்துப் பார்த்தார். அவர்களாலும் முடியவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 2001இல், வியன்னாவில் கிரெகோர் விட்ஹோல்மும் அவருடைய குழுவினரும் ஒரே வடிவத்தில் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று செய்த குழல்களைத் தொழில்முறைக் கலைஞர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். உலோகம் மாறியதால் வந்த வேறுபாட்டை யாராலும் கேட்டுச் சொல்ல முடியவில்லை. கலைஞருக்குக் கலைஞர் இருந்த வேறுபாடு தெளிவாகக் கேட்டது.

எதிர்ப்பக்கத்தில் பெரிய பெயர்கள் உண்டு. இன்றைய மேற்கத்தியப் புல்லாங்குழலை 1847இல் வடித்துத் தந்த மியூனிக்கின் தியோபால்ட் போம், வெள்ளிக்கும் மரத்துக்கும் நாத வேறுபாடு உண்டென்றே நம்பினார், எழுதினார். டேட்டன் மில்லர் சாதாரண ஆள் இல்லை; தன் கையாலேயே தங்கக் குழல் செய்துகொண்ட இயற்பியலாளர். அவர் சேர்த்த ஏறக்குறைய 1,700 குழல்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. 1909இல் பொருள் முக்கியம் என்பதற்கு அவர் காட்டிய சான்று என்ன? துத்தநாகத் தகட்டில் செய்த, தட்டையான பக்கங்கள் கொண்ட ஆர்கன் குழாய்கள். தட்டையான மெல்லிய தகடு காற்றழுத்தத்துக்கு வளைந்துகொடுக்கும், ஒலியும் மாறும். அந்தச் சான்றை மேற்கோள் காட்டுகிறவர்கள் தட்டைத் தகட்டிலிருந்து ஒரே தாவலில் உருண்டையான, பல மில்லிமீட்டர் கனமுள்ள கிளாரினெட்டுக்கு வந்துவிடுகிறார்கள். நடுவில் பாலம் கிடையாது. மறுபுறம், சாக்சபோனை உருவாக்கிய அடோல்ப் சாக்ஸ், காற்றுத்தூணின் அளவும் வடிவமுமே நாதத்தின் குணத்தை முடிவு செய்கின்றன, பொருளுக்கு அதில் பங்கில்லை என்று 1840களிலேயே வாதிட்டார். அவர் சொன்னதைத்தான் பின்னால் வந்த அளவீடுகள் உறுதி செய்தன.

அப்படியானால் எத்தனையோ தேர்ந்த காதுகள் மரக் கிளாரினெட் நன்றாகவும் பிளாஸ்டிக் கிளாரினெட் மோசமாகவும் ஒலிப்பதாகச் சொல்வது எதனால்? அவை நிஜமாகவே அப்படி ஒலிப்பதால்தான். அந்த இரண்டு கருவிகளையும் எடுத்துத் துளைகளுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். விலை கூடிய மரக்கருவியில் ஒவ்வொரு துளையின் அடிவிளிம்பையும் கைவேலைக்காரர் உள்ளிருந்து சுரண்டி, மணி போல விரித்து, கூர்மையை மழுக்கியிருப்பார். மலிவுக் கருவி உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி எடுத்தது. அச்சின் கம்பி நேராக உள்ளே போய் நேராக வெளியே வந்தாக வேண்டும் என்பதால் துளையும் நேராகவே நிற்கும். அடிவிளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அந்த விளிம்பில் காற்று சுழித்து ஒலியின் ஆற்றலைத் தின்றுவிடும். துளை விளிம்பின் மழுக்கம் கிளாரினெட்டின் நாதத்தையும் ஊதும்போது அது இணங்கும் விதத்தையும் எவ்வளவு மாற்றுகிறது என்பதை இயற்பியலாளர் ஆர்தர் பெனேட் தம் ஆய்வுகளில் விரிவாகக் காட்டியிருக்கிறார். போதாக்குறைக்கு மலிவுக் கருவியில் சாவிகள் மெத்தென்ற கலப்பு உலோகம், சற்று அழுத்தினால் வளையும். துளையை மூடும் பேடு சரியாக உட்காராது, காற்று கசியும். இத்தனை குறையையும் வைத்துக்கொண்டு நாதம் வராததற்குப் பழியைப் பிளாஸ்டிக் மேல் போடுகிறோம். அதே கவனக்குறைவோடு மரத்தில் செய்தாலும் இதே சத்தம்தான் வரும். இணையக் கடைகளில் விற்கும் பளபளப்பான மலிவு மரக்கருவியை ஊதிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

ஒரே கை இரண்டு பொருளிலும் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் விடை இருக்கிறது. அயர்லாந்தின் பழைய பாணிக் குழல்களைச் செய்யும் கைவினைஞர்களில் பலர் கருமரத்திலும் டெல்ரின் என்ற கடினமான பிளாஸ்டிக்கிலும் ஒரே மாதிரியைக் கடைகிறார்கள். அச்சு கிடையாது. உருண்டைக் கோலைக் கடைசலில் மாட்டி, நடுவே துளையிட்டு, கூம்பான ரீமரை மெல்ல உள்ளே செலுத்திக் குடைகிறார்கள். மரம் என்றால் முதல் குடைவோடு நிறுத்தி மாதக்கணக்கில் ஆறப்போட வேண்டும். அதற்குள் மரம் தன் உள்ளிறுக்கம் தளர்ந்து கோணும், சுருங்கும். பிறகு மறுபடி குடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். டெல்ரினில் இந்தக் காத்திருப்பு தேவையில்லை. குடைந்த அளவு குடைந்தபடி நிற்கும். அதன் பிறகு இரண்டுக்கும் ஒரே வேலைதான். சிறு கத்தியைத் துளைக்குள் விட்டு அடிவிளிம்பைச் சீவுவார்கள், ஊதிப் பார்ப்பார்கள், மறுபடி சீவுவார்கள். ஸ்காட்லாந்துப் பேக்பைப் இசையிலும் இதுவே நடந்திருக்கிறது. கடுமையான போட்டிகளில் வாசிக்கும் குழுக்களிலேயே பல, பிளாஸ்டிக் சான்டர்களைத்தான், அதாவது சுரம் வாசிக்கும் குழல்களைத்தான், கையில் பிடித்திருக்கின்றன. இருபது பேர் சேர்ந்து ஊதும்போது சுருதி இம்மியும் பிசகக் கூடாது. மழைக்கும் குளிருக்கும் அளவு மாறாத குழல் அவர்களுக்குத் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள்.

மரத்தின் பக்தர்களிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று உண்டு. விலை உயர்ந்த கருமரக் கிளாரினெட்டின் உச்சியில் இருக்கும் மவுத்பீஸ் எதனால் ஆனது? எபோனைட். கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். ஒலி பிறக்கும் இடமே அதுதான். ரீடு அதன்மேல்தான் அடித்து அடித்துத் திறக்கிறது. மவுத்பீஸின் உள்ளறை மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு மாறினாலும் வாசிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அவ்வளவு நுட்பமான அந்த இடத்தில் மரத்தை ஒதுக்கிவிட்டு மனிதன் செய்த பொருளை உலகமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒதுக்கியதற்குக் காரணம், எச்சில் ஈரத்தில் மரம் கோணிப்போகும், எபோனைட் கோணாது. மவுத்பீஸுக்குச் செல்லுபடியாகும் நியாயம் அதற்கு ஒரு சாண் கீழே ஏன் செல்லாமல் போகிறது?

ரெக்கார்டரின் கதையும் இதையே சொல்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் டால்மெட்ச் குடும்பத்தார் பேக்லைட்டில் ரெக்கார்டர் செய்து பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தார்கள். பழைய இசையை மீட்டெடுக்கவே வாழ்ந்த குடும்பம் அது. பின்னாளில் ஆஸ்திரேலியக் கைவினை மேதை பிரெட் மார்கன், லண்டனில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணிபுரிந்த கருவிக் கைவினைஞர் பிரெசானின் ரெக்கார்டரை அடியொற்றி, ஜப்பானின் சென்-ஆன் நிறுவனத்துக்காக ஒரு பிளாஸ்டிக் ஆல்ட்டோவை வடிவமைத்தார். கையால் செய்த பாக்ஸ்மர ரெக்கார்டர் நம் பணத்தில் இலட்சத்தைத் தாண்டும். இது சில ஆயிரம். அச்சில் வார்த்ததுதான், ஆனால் அச்சுக்குப் பின்னால் தேர்ந்த ஒரு கைவினைஞரின் அறிவு இருந்தது. மரக்கருவி வைத்திருக்கும் கலைஞர்களும் இதை ஒன்று பையில் வைத்திருப்பார்கள்.

பழைய காலத்தவர் மரத்தை இவ்வளவு புனிதமாக நினைத்தார்களா என்பதே ஐயம். பரோக் காலத்தில் தந்தத்தில் குழல் கடைந்தார்கள். பாரிஸில் கிளாட் லோரான் 1806இல் கண்ணாடிக் குழலுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் செய்த ஒன்று அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் மேடிசனுக்குப் போனது, 2022இல் பாடகி லிஸ்ஸோ அதை மேடையில் ஊதினார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கப் பள்ளி வாத்தியக் குழுக்களில் உலோகக் கிளாரினெட்டுகள் சாதாரணம். 1953 மே 15 அன்று டொராண்டோவின் மாசி ஹாலில் ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கர் வாசித்தது அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்த கிராப்டன் சாக்சபோன். டிஸ்ஸி கில்லஸ்பியும் பட் பவலும் மிங்கஸும் மாக்ஸ் ரோச்சும் கூட இருந்த அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவை ஜாஸ் உலகம் இன்றும் கொண்டாடுகிறது. ஆர்னெட் கோல்மன் பித்தளை வாங்க வசதியில்லாமல் பிளாஸ்டிக் சாக்சபோனுக்குப் போனார், அதிலேயே ஜாஸ் இசையின் போக்கைத் திருப்பினார். கிராப்டனில் குறை இருந்தது. உடல் எளிதில் விரிசல் விடும், பழுது பார்ப்பது கடினம். நாதத்தில் குறை என்று அந்தப் பதிவுகளைக் கேட்டு யாரும் சொல்லிவிட முடியாது.

பிளாஸ்டிக்கின் நிஜமான குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ரெக்கார்டரில் காற்று நுழையும் குறுகிய வழியில் மூச்சின் ஈரம் துளித்துளியாகத் தங்கி ஒலியை அடைக்கும். மரக்கருவியில் அந்த இடத்தில் தேவதாருக் கட்டை வைத்திருப்பார்கள். அது ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக் உறிஞ்சாது. வாசிப்பதற்கு முன் கருவியைக் கையிடுக்கில் வைத்துச் சூடேற்றினால், ஒரு சொட்டுச் சோப்பு நீரை விட்டு உலர்த்தினால், பெருமளவு சரியாகிவிடும், முழுதும் போகாது. சில பிளாஸ்டிக்குகள் வழுக்கும். கையில் மரம் தரும் இதத்தை அவை தருவதில்லை, அந்த இதம் கலைஞரின் மனநிலையைத் தொடும் என்பதையும் நான் மறுக்கவில்லை. அழகுக்காக ஒருவர் மரத்தை விரும்பினால் அது அவருடைய உரிமை. நாதத்தின் பெயரால் அதை மற்றவர் மேல் சுமத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

மரத்தின் குறைகளைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக யாரும் பேசுவதில்லை. கிளாரினெட்டின், ஓபோவின் மேல்துண்டு விரிசல் விடும். உள்ளே வெதுவெதுப்பான ஈரமூச்சு படிந்து உட்சுவர் ஊதும். வெளிச்சுவர் குளிரூட்டிய அரங்கில் உலர்ந்து இறுகி நிற்கும். இழுபறியில் துளையிலிருந்து துளைக்குக் கோடு விழும். புதுக் கருவியை முதல் சில வாரங்கள் நாளுக்குக் கொஞ்ச நேரத்துக்கு மேல் வாசிக்காதே என்று எச்சரிப்பது இதனால்தான். ஈரத்தில் மரம் மாறுவதைத்தான் "பழுக்கிறது" என்று மங்களமாகச் சொல்கிறோம். உண்மையில் உள்குடைவு நீள்வட்டமாகிறது, அளவு பிசகுகிறது. ஓபோ செய்கிறவர்களே இதனால் மேல்துண்டைப் பிளாஸ்டிக்கில் செய்துதருகிறார்கள், அல்லது மரத்துக்குள் பிளாஸ்டிக் உறை பதிக்கிறார்கள். காலையில் புழுக்கத்திலும் மாலையில் ஏ.சி. அரங்கிலும் வாசிக்கும் சென்னைக் கலைஞருக்கு இது அந்நியமான சிக்கல் இல்லை.

அந்தக் கருமரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வளரும் ம்பிங்கோ. வெட்டும் பருவத்துக்கு வர எழுபது ஆண்டுக்கு மேல் பிடிக்கும். முறுக்கும் ஓட்டையும் நிறைந்த மரம் என்பதால் வெட்டிய கட்டையில் பெரும்பகுதி கருவிக்கு ஆகாமல் கழிந்துவிடும். அதன் பேரினம் முழுவதும் 2017 ஜனவரியில், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019இல்தான் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. கிளாரினெட் செய்யும் பஃபே கிராம்போன் நிறுவனமே ம்பிங்கோத் தூளைக் கார்பன் இழையோடும் பிசினோடும் சேர்த்து இறுக்கி "கிரீன்லைன்" கருவிகளைச் செய்து தொழில்முறைக் கலைஞர்களுக்கு விற்கிறது. பொடியாக்கிப் பிசினில் குழைத்த பிறகு அதில் எந்த ரேகை மிச்சம், எந்த உயிர்மூச்சு மிச்சம்? மரம் வாங்குவது நின்றால் ஆப்பிரிக்கக் கிராமங்களின் வருமானம் போகுமே என்பது நியாயமான கேள்வி. தான்சானியாவின் கில்வாவில் ஊர்மக்களே பராமரிக்கும் காடுகளுக்கு பொறுப்பான காட்டுப் பராமரிப்புக்கான எஃப்.எஸ்.சி. சான்று 2009இல் கிடைத்தது, அந்த மரத்துக்கு நல்ல விலை கொடுத்து வாங்குகிறவர்கள் வாங்கட்டும். உலகெங்கும் இரண்டு ஆண்டு ஊதிவிட்டுப் பரணில் போடப்படும் மாணவர் கருவிகளுக்காக எழுபது வயது மரம் விழ வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் மண்ணைக் கெடுக்காதா என்று கேட்பவர்கள், ஒரு முறை பயன்படுத்திக் குப்பையில் எறியும் பைக்கும் முப்பது ஆண்டு ஊதக்கூடிய குழலுக்கும் ஒரே கணக்குப் போடுகிறார்கள்.

நம் நாகசுரத்துக்கு வருகிறேன், இங்கே தயங்காமல் பேச வேண்டியிருக்கிறது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். அந்த ஊரின் பெருமையைச் சொல்லும்போது எல்லோரும் ஆச்சா மரத்தையே முன்னால் நிறுத்துகிறார்கள், பழைய வீட்டு உத்தரத்திலிருந்து எடுத்த முற்றிய ஆச்சா என்றால் கூடுதல் மதிப்பு. அந்த ஊரின் வரலாற்றிலேயே பெரிய நிகழ்ச்சி எது? டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி நாகசுரத்தை உருவாக்கியது. சுருதி கூடிய பழைய குட்டை நாகசுரமான திமிரியின் உச்சக் குரல் இறங்கி, சுத்த மத்யமம் துல்லியமாகப் பேசத் தொடங்கியது. மரம் மாறியா அது நடந்தது? குழலின் நீளத்தையும் குடைவையும் துளைகள் இருக்கும் இடத்தையும் அந்த ஆசாரி மாற்றினார். நாதம் மாறியது. கும்பகோணம் கும்பேஸ்வரர் கோயிலிலும் ஆழ்வார்திருநகரியிலும் கல்லில் குடைந்த நாகசுரங்கள் இருக்கின்றன. கல்லைக் குழலாக்கத் துணிந்த முன்னோர் பொருளைப் பார்த்துத் தயங்கவில்லை. ஆச்சா மரத்தை மட்டும் புகழும்போது ஆசாரியின் கையைச் சிறுமைப்படுத்துகிறோம் என்பது எனக்கு உறுத்துகிறது.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரம் கற்க வரும் பிள்ளைகளில் பலர் வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள். விரிசல் விடாத, கோணாத, விலை குறைந்த குழல் அவர்களுக்கு வேண்டும். நரசிங்கம்பேட்டைப் பட்டறைக்கு டெல்ரின் கோல்களை வரவழைத்து, ஆச்சாவில் குடையும் அதே ரீமரால் அதே ஆசாரியைக் குடையச் சொல்ல வேண்டும். அடிப்புனலான அணைசும், சீவாளி பொருந்தும் கெண்டையும், சீவாளியும் இரண்டுக்கும் ஒன்றே இருக்கட்டும். திரைக்குப் பின்னால் ஒரே வித்துவான் இரண்டிலும் தோடி வாசிக்கட்டும். பிளாஸ்டிக்கில் நாதம் வராது என்று சொல்லும் ஆசிரியர்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, எது ஆச்சா, எது டெல்ரின் என்று தாளில் எழுதிக் கொடுக்கட்டும்.